பதினோராவது சீட்டு

கண்ணாடிக் கிண்ணத்திலிருந்த சீட்டுகளை நன்றாகக் கலக்கிவிட்டு, மார்லா ஹோலுப் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். “கண்ணை மூடிக்கிட்டு எடு, மரிசோல். இங்க யாருக்கும் சலுகை கிடையாது.”

வியட்நாம் போர்ப் பாடம் வரும்போதெல்லாம் அவள் வகுப்பில் இந்த விளையாட்டு உண்டு. அந்தக் காலத்தில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டுத்தான் பையன்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கேயும் அப்படித்தான். தேதி வந்தவன் எழுந்துபோய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். ஐந்து பேரோடு குலுக்கல் முடியும்.

“பொண்ணுங்களுக்குச் சீட்டே இல்லையா மிஸ்? அநியாயம்!” என்றான் டகோட்டா.

“அப்போ இல்லடா. வாயை மூடிட்டு உட்காரு,” என்ற மரிசோல், முதல் சீட்டைப் பிரித்தாள். “மார்ச் மூணு!”

“போச்சு, நான்தான்! மிஸ், இன்னிக்கு மதியம் பீட்சா. சாப்பிட்டுட்டுச் சண்டைக்குப் போகட்டுமா?” என்று எழுந்தான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

வகுப்பு சிரித்தது. மூன்றாவது வரிசையில் மார்லாவின் மகன் வெஸ்லி மட்டும் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் வரலாற்றுக்கு அவள் ஒருத்திதான். மகன் வேறு எந்த வகுப்புக்குப் போவான்?

அவன் பிறந்தது ஏப்ரல் இருபத்து நான்கு. அந்தத் தேதி கிண்ணத்தில் இல்லை. அவளுடைய சட்டைப் பைக்குள், விரல்களின் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

வெறும் விளையாட்டு என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் காலையில் அதைக் கிண்ணத்தில் போடப் போனபோது கை திறக்க மறுத்துவிட்டது. அப்பாவின் தேதி இப்படித்தான் வந்தது. திரும்பி வந்தவர் சாகும்வரை கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. அவர் திடுக்கிடாதபடி இருமிவிட்டு அறைக்குள் நுழையும் பழக்கம் அவளுக்கு ஐந்து வயதிலேயே வந்துவிட்டது; இன்னும் போகவில்லை.

வெஸ்லிக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு வேண்டும் என்று பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்க வேண்டும் என்று நினைப்பாள், மறந்துபோவாள்.

“ஜூலை ஒம்பது!” ஐந்தாவது பையன் எழுந்து போனான். மார்லா மூச்சை விட்டாள்.

“போதும். எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க.”

“மிஸ், ஒரு நிமிஷம்,” என்றாள் மரிசோல். கிண்ணத்தைக் கவிழ்த்து மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “மீதி அஞ்சு சீட்டுதான் இருக்கு. நம்ம வகுப்புல பசங்க பதினோரு பேராச்சே?”

டகோட்டா சீட்டுகளை எட்டிப் பார்த்தான். “டேய் வெஸ், உன் தேதிதான் இல்ல! மிஸ் பிள்ளையை ஒளிச்சு வெச்சுட்டாங்கடா!”

“மேலிடத்துச் சிபாரிசு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு சுவர்களில் மோதி அவள்மேலேயே விழுந்தது.

மணியடிக்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்து பையன்கள் நின்றார்கள். சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். எழுத மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் பதினோரு வருடமாக நடத்திய பாடம் அவளைக் கரும்பலகையோடு சேர்த்து நிறுத்தியிருந்தது.

வெஸ்லி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் வெட்கம் இல்லை, கோபமும் இல்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். நேராக நடந்துபோய்ச் சுவரோரம் ஆறாவது ஆளாக நின்றான்.

“போய் உட்காரு, வெஸ்,” என்றாள் மார்லா. “உன் தேதி வரலை.”

“வர வேண்டாம்மா. பட்டாளத்துல சேர நான் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்.”