அகஸ்ரினின் ஆண்டறிக்கை

"அனோஜா, லைற்றை நூர்" என்றார் அகஸ்ரின்.

பட்டப்பகல் ஒரு மணிக்கு, கனடாவின் மில்லிக்கன் பகுதி வீட்டு வரவேற்பறையில் லைற் அணைக்கப்பட்டு, திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன. அகஸ்ரின் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி குடித்தார். வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நிதியமைச்சருக்குக்கூட இவ்வளவு தண்ணீர் தேவைப்படாது.

புதுவருடத் திருப்பலி முடிந்து வந்த வயிறுகள் எல்லாம் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் நான்கு வருடமாக இந்த வீட்டில் ஒரு சட்டம். ஆண்டறிக்கை முடியாமல் ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடி திறக்கப்படாது.

அறிக்கைகள் இரண்டு. ஒன்று அகஸ்ரினுடையது. மற்றது அவருடைய மனைவி செலீனின் தம்பி மரியோவுடையது. போன பயணம், கேட்ட பாட்டு, மைதானத்துக்கே போய்ப் பார்த்த பேஸ்போல் ஆட்டம். மூன்றிலும் யாருடைய எண்ணிக்கை கூடவோ, அவர்தான் அடுத்த பன்னிரண்டு மாதமும் குடும்பத்தில் 'வாழத் தெரிந்த மனுசன்'.

இதுவரை மூன்று முறையும் மரியோதான். இம்முறையும் தோற்றால் வேறு பங்குக் கோயிலுக்கு மாறிவிடுவதென்று அகஸ்ரின் முடிவு கட்டியிருந்தார்.

மரியோ தன் கணக்கை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார். மூன்று பயணம், அதில் ஒன்று விமானத்தில். எட்டு ஆட்டம். இருபத்தோராயிரம் நிமிடப் பாட்டு.

அகஸ்ரின் பொத்தானை அழுத்தினார். ரி.வி. திரை முழுக்க நயாகரா.

பயணம்: நாற்பத்தாறு.

"நாற்பத்தாறோ?" மரியோவின் குரல் கொஞ்சம் உடைந்தது.

நயாகரா மட்டுமே நான்கு தடவை. பிறகு பீற்றர்பரோ, கோபேர்க், ஒறிலியா. பாலங்கள், ஏரிகள். பார்க்க ஒன்றுமில்லாத ஓர் ஊரில் நகரசபையின் கார் தரிப்பிடம். ஒவ்வொரு படத்திலும் முக்கால்வாசி அகஸ்ரினின் முகம். மிச்ச இடத்தில் கனடா. கீழே மூலையில் திகதியும் நேரமும்.

பாட்டு: எழுபத்தோராயிரம் நிமிடம். நூறு பேரில் ஒருவர்கூட இவ்வளவு கேட்பதில்லை என்று பாட்டுச் செயலி வருடக் கடைசியில் அனுப்பிய பாராட்டை, பாப்பரசரிடமிருந்து வந்த கடிதம்போல அவர் எழுந்து நின்று வாசித்தார்.

பேஸ்போல்: பதினொன்று. அத்தனை பேர் புல்லில் எதற்காக இவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அதனாலென்ன, அறிக்கைக்கு எண்ணிக்கை போதும்.

"அத்தான், நீங்கள் கொம்பனிக்கு வேலை செய்யிறியளோ, கொம்பனி உங்களுக்கு வேலை செய்யுதோ?"

"நேரத்தை நிர்வகிக்கத் தெரியவேணும் மச்சான்" என்றார் அகஸ்ரின், தளபாடக் களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்த குரலில்.

மரியோ சோபாவில் ஒரு சாண் அளவு தாழ்ந்து போனார்.

அகஸ்ரின் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெற்றி பெற்ற மனிதனிடம் எப்போதும் ஒரு சிலைட் கூடுதலாக இருக்கும். எந்த நாளில் என்ன, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று செயலியே கீறித் தந்த வரைபடங்கள். நிறங்கள் அழகாக இருந்ததால் சேர்த்திருந்தார்.

பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிக்கும் மகள் அனோஜா, அப்போதுதான் முதன்முறையாக போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, வெயிற். மியூசிக் நைன் ரு ஃபைவ். கேம் எல்லாம் வீக்டே ஆஃப்ரர்நூன். ரிப் நாற்பத்தாறும் வீக்டே. அப்ப வேர்க்குக்கு எப்ப போனீங்கள்?"

மரியோ இழந்த சாணைத் திரும்பப் பெற்று நிமிர்ந்தார்.

"ஓம் அத்தான், உது நல்ல கேள்வி. சொல்லுங்கோ பாப்பம்."

அகஸ்ரின் பொத்தானை அழுத்தினார். திரை பின்னோக்கிப் போனது. பேஸ்போல், கோபேர்க், நயாகரா. மறுபடி அழுத்தினார். நயாகராவே நின்றது. அதற்கு மேல் பின்வாங்க இடமில்லை.

பசித்த வயிறு ஒன்று சத்தம் போட்டது.

குசினி வாசலில் செலீன் அகப்பையோடு நின்றார்.

"என்னத்துக்கு முழிக்கிறியள், சொல்லுங்கோவன். மரியோ, அவர் மார்ச் பதினேழோட வேலையை விட்டிட்டார். நான்தான் விடச் சொன்னனான். பத்தொன்பது வருசம் கதிரை மேசை எண்ணினது காணும், கொஞ்சம் ஊரைச் சுத்திப் பாருங்கோ எண்டு."

மரியோ திரையைப் பார்த்தார். பிறகு அகஸ்ரினைப் பார்த்தார்.

"குடுத்து வச்சனீங்கள் அத்தான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். பட்டம் கைமாறியது. அனோஜா கைதட்டிவிட்டு லைற்றைப் போட்டாள். எல்லோரும் சாப்பாட்டுக் கோப்பைகளை நோக்கிப் பாய்ந்தார்கள்.

வாழத் தெரிந்த மனுசன் எழும்பவில்லை.

மார்ச் பதினேழு காலை, வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தைக் கையில் கொடுத்து, காவலாளி ஒருவன் அவரைக் கார்வரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தான். அதை அவர் செலீனுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்குமே சொல்லவில்லை. செலீனுக்குத் திகதி எப்படித் தெரிந்தது என்பது அவருக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல், காலை ஏழரைக்குச் சோற்றுப் பெட்டியைக் கையில் கொடுத்து, "வேலை முடிஞ்சு கவனமா வாங்கோ" என்று அனுப்பி வைத்தவர் செலீன்தான்.