இரண்டாவது பெட்டி

தேவிகா டீ குடித்துவிட்டு மேடைக்குத் திரும்பியபோது, பாண்டிமுருகன் அவளுடைய ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்திருந்தார். அவள் மாட்டிவைத்த கேபிள் ஒன்றைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே செய்றீக?”

அவர் நிமிர்ந்தார். தோளில் பேஸ் கிட்டார் பை தொங்கியது.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி வேணாம். ஒண்ணே போதும்.”

தேவிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக்காலைப் பகுதியில் பெரிய மண்டபம், கல்யாண வரவேற்பு, குருநாதன் இசைக்குழுவில் அவளுக்கு இதுதான் முதல் மேடை. அந்தக் குழுவில் பதினோரு வருஷம் பேஸ் வாசித்தவர் பாண்டிமுருகன். அறுப்பு, களம் என்று தொடர்ந்து மூன்று ஒத்திகைக்கு வரவில்லை. அதனால்தான் குருநாதன் இவளைக் கூட்டிவந்திருந்தார். அப்படிப்பட்டவர் கிட்டாரோடு வந்து அவள் ஆம்ப்பில் கை வைத்தால் என்ன அர்த்தம்?

“திரும்ப மாட்டுங்கண்ணே. ஒரு பெட்டியில எனக்குச் சத்தம் பத்தாது.”

“பத்தும்.”

“ட்ரம்ஸ், தவில் எல்லாம் ஏறுனா நான் வாசிக்கிறது யாருக்குக் கேக்கும்? பொம்பளப்புள்ள கம்பியப் பிடிச்சிக்கிட்டு சும்மா நின்னுட்டுப் போயிருச்சும்பாக. அதானே வேணும் உங்களுக்கு?”

அவர் ஆம்ப்பின் முதுகில் இருந்த எழுத்தைக் காட்டினார்.

“ஸ்பீக்கரோட மின்தடை நாலு ஓமுக்குக் கீழ போகக்கூடாதுன்னு போட்டிருக்கு, பாத்தியா?”

“பாத்துட்டுத்தான் மாட்டுனேன். குழுவோட பெட்டி ஒவ்வொண்ணும் எட்டு ஓம். லேபிள்லயே இருக்கு. ரெண்டையும் சேத்து மாட்டுனா பாதியாகி நாலு. எனக்கும் கணக்குத் தெரியும்ணே.”

“கணக்கு சரிதான். லேபிள்தான் தப்பு.”

பேச்சுச் சத்தம் கேட்டுக் குருநாதன் மேடை ஏறி வந்தார்.

“பாண்டி, மேடையில உனக்கு என்ன வேலை?”

“என் கேபிளக் கழட்டிட்டாகண்ணே,” என்றாள் தேவிகா.

பாண்டிமுருகன் மைக்செட்காரரிடம் போய் மின்தடை அளக்கும் மீட்டர் வாங்கிவந்தார். பெட்டியிலிருந்து வந்த வயரில் அதன் இரண்டு முனைகளையும் வைத்தார்.

“நீயே படி தங்கச்சி. மீட்டர்ல கொஞ்சம் கொறச்சுத்தான் காட்டும். நெசமாவே எட்டு ஓம் பெட்டின்னா இதுல அஞ்சரை, ஆறாவது காட்டணும்.”

மூன்று புள்ளி நான்கு காட்டியது. அடுத்த பெட்டியிலும் அதேதான்.

“இது நாலு ஓம் பெட்டி,” என்றாள் தேவிகா, மெதுவாக. இரண்டு நாலைச் சேர்த்து மாட்டினால் இரண்டு. அவளுடைய ஆம்ப் அதைத் தாங்காது.

பாண்டிமுருகன் குருநாதன் பக்கம் திரும்பினார். “திருக்கோஷ்டியூர் கச்சேரியில ரெண்டு ஸ்பீக்கரும் கிழிஞ்சு மாத்துனோமேண்ணே. அன்னைக்கு நாலு ஓம்தான் கெடச்சுச்சு. லேபிளை மாத்தாம விட்டுட்டோம். என்னோட ஆம்ப் ரெண்டு ஓம் வரைக்கும் தாங்கும். அதான் இத்தனை நாள் ஒண்ணும் தெரியல.”

குருநாதன் நெற்றியைத் தடவினார். “ஆமாடா. சுத்தமா மறந்துபோச்சு.”

தேவிகா தன் ஆம்ப்பைப் பார்த்தாள். மூன்றாவது பாட்டிலோ நாலாவது பாட்டிலோ ஆம்ப் சூடேறி நின்றிருக்கும். பெட்டியில் என்ன கோளாறு என்று சபையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

பாண்டிமுருகன் ஒரு பெட்டியைத் தூக்கி மர மேசை மேல் வைத்தார்.

“தரையில கெடந்தா உன் முழங்காலுக்குத்தான் கேக்கும். காதுக்கு நேரா இருக்கட்டும். சபைக்குப் பெரிய ஸ்பீக்கர்ல போயிரும்.”

சொல்லிக்கொண்டே ஆம்ப்பிலிருந்து மிக்சருக்கு ஒரு வயரை இழுத்து மாட்டினார்.

“இப்ப வாசி.”

தேவிகா தடித்த கம்பியைச் சுண்டினாள். மேடைப் பலகை அதிர்ந்து பாதத்தில் ஏறியது.

“பத்துதா?”

“பத்துதுண்ணே.”

மன்னிப்புக் கேட்க அவள் வாய் திறப்பதற்குள் அவர் இறங்கி அங்குட்டுப் போய்விட்டார்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. மூன்று பாட்டு முடிந்ததும் தேவிகா ஆம்ப்பின் மேல் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளுக்கு ஆம்ப் ஞாபகமே வரவில்லை. ட்ரம்ஸ்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசி வரிசையில் பாண்டிமுருகன் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அதன் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டரைக்கு முடிந்தது. முன்வரிசையில் நாலைந்து பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தேவிகா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள்.

குருநாதன் சிரித்தபடி வந்தார். “ஒரு இடத்துல பிசகலம்மா. இனி எல்லாக் கச்சேரிக்கும் நீதான்.”

அவளுக்குக் கண் கலங்கியது. கடைசி வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

“பாண்டியண்ணன் போயிட்டாகளா? கூப்பிடாத எடத்துக்குக் கெடுக்கத்தான் வந்திருக்காகன்னு நெனச்சுத் தப்பாப் பேசிட்டேண்ணே.”

குருநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“வரச் சொன்னது நான்தாம்மா. கிட்டாரோட வந்து கடைசியில உக்காரு, அந்தப் புள்ள பாதியில நின்னுட்டா நீ ஏறிரு, உன் எடம் உனக்கே திரும்பக் கெடைக்கும்னு காலையில சொல்லியிருந்தேன்.”