காலை ஏழு மணி மெசேஜ்

"பழைய போனுக்கு என்ன குறைச்சல்? பேசுது, மெசேஜ் வருது. மனுசனுக்கு வேற என்ன வேணும்லா?"

ஒரு வாரமாக இதையேதான் சொல்கிறார் என் வீட்டுக்காரர் கொர்னேலியஸ். ஒரு வார்த்தை மாறாமல், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி.

என்ன குறைச்சலா? பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்த நாளிலிருந்து அந்தப் போனின் மேல் மூலை செத்துப்போய்விட்டது. வாட்ஸ்அப்பில் ஆளைக் கூப்பிடுகிற பொத்தான் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. ரிப்பேருக்குக் கொடுங்கள் என்று பத்துத் தரம் சொன்னேன். கடை லீவு என்றார், சாமான் இல்லை என்றார், கடைசியில் எதற்கு என்றே கேட்டுவிட்டார்.

கஞ்சன். வேறென்ன சொல்வது?

கிறிஸ்மஸ் கேக் விற்ற காசு என் சொந்தக் காசு. கிள்ளான் டவுனில் நானே கடைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கினேன். பழையதில் இருந்த எல்லாவற்றையும் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"உனக்குப் பழகாது, ரோசி," என்றார் கொர்னேலியஸ்.

கான்வென்ட்டில் டைப்ரைட்டிங்கில் முதலாவதாக வந்தவள் நான் என்று ஞாபகப்படுத்தினேன். பழகவில்லை என்பது வேறு விஷயம். கண்ணாடியைக் கழற்றினால் நான் யார் என்றே அதற்குத் தெரியாது. தொட்டால் போதும், என் தாடையைப் படம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைக்குள்ளிருந்து தானாக டார்ச் எரிந்தது. ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆட்ரியின் மெசேஜைப் பெரிய எழுத்தில் படிக்கலாம், அதற்காக.

ஆட்ரி என் மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிஷனைக் கட்டிக்கொண்டாள். சர்ச்சும் இல்லை, கோயிலும் இல்லை, பதிவு ஆபீஸில் கையெழுத்தோடு சரி. இனிமேல் என்னை அம்மா என்று கூப்பிடாதே என்று சொன்னது நான்தான். ரோஷத்தில் அவளும் என் பிள்ளைதானே. கூப்பிடவில்லை. நம்பரையும் மாற்றிக்கொண்டாள். செராஸ் பக்கம் குடியிருப்பதாக யாரோ சொன்னார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் கேக் செய்யவில்லை. சாப்பிடுவதே பெயருக்குத்தான். போன ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்.

"அம்மா, நான் ஆட்ரி. இப்போதைக்கு போன் பண்ண வேணாம்மா, அழுதுடுவேன். தினம் மெசேஜ் போடுறேன்."

ஒன்பது மாசம். ஒரு நாள் தவறியதில்லை. மருந்து சாப்பிட்டாயா, மழை வருகிறது துணியை எடுத்துவிடு, இந்த மாதிரி ஒரு வரி. எனக்கு இது போதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். போதவில்லை. குரல் வேண்டியிருந்தது. "மா" என்று இழுப்பாளே, அது வேண்டியிருந்தது. பழைய போனில் அந்தச் செத்த மூலையை எத்தனை தரம் தடவியிருப்பேன். போகாது என்று தெரிந்ததால்தான் தடவினேன். நிஜமாகக் கூப்பிடுவதாவது? பெற்றவள் நான். அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

இன்று காலை மணி ஏழு. கொர்னேலியஸ் குளியலறைக்குள் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுதான் வழக்கம். ஏழுக்கு உள்ளே போனால் வெளியே வர அரைமணி நேரம். அவர் போன் சாப்பாட்டு மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

என் போனில் மெசேஜ் வந்தது. "மார்னிங்மா. பசியாறிட்டியா?"

பதில் எழுதலாம் என்று ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் கண்ணாடியைத் தேடினேன். கட்டைவிரல் மேல் மூலையில் பட்டுவிட்டது. புதுப் போனாயிற்றே, உடனே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்த மனசும் வரவில்லை. எடுடி ஆட்ரி, எடுடி என்றேன்.

குளியலறைக்குள் ஒரு போன் அடித்தது.

மேசையைப் பார்த்தேன். அவர் போன் அங்கேயே சும்மா கிடந்தது.

உள்ளே எதுவோ தட்டுப்பட்டு விழுந்தது. சத்தம் நின்றது. என் கையிலிருந்த போனும் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆட்ரியின் மெசேஜ் வந்தது.

"சாரிமா. மீட்டிங்ல இருக்கேன். பேச முடியாது."

காலை ஏழு மணிக்கு எந்த ஆபீஸில் மீட்டிங்? ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுசன், ஒன்பது மாசமாக எனக்குச் சாப்பாடு இறங்க வைத்திருக்கிறார்.

குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். திட்டுவதற்கு என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். இன்றைக்கு ஒன்றும் இல்லை. உள்ளே குழாயைத் திறந்துவிட்டார்.

"என்னங்க," என்றேன். "அவளோட நிஜ நம்பர் உங்ககிட்ட இருந்தா கொடுங்க. நானே முதல்ல கூப்பிடுறேன்."

குழாய் நின்றது.

"இருக்கும்தானே? கொடுங்க."