பேரனைத் தொடாதவர்

"நான் தூக்க மாட்டேன்" என்று ஏகன் சொன்னதும் தேவாலயமே திரும்பிப் பார்த்தது.

பேரன் வில்லாட்ஸுக்கு ஞானஸ்நானம். தாத்தாதான் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும் என்பது மகள் சிட்செலின் ஆசை. போதகரே கூப்பிட்டும் மனிதர் கதவோரக் கடைசி பெஞ்சை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் சிட்செலின் மாமியார் டோவ ஏந்திக்கொண்டார்.

ஏழாம் மாதத்தில் பிறந்து, இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த பிள்ளை. அப்போதும் ஏகன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பன்றிப் பண்ணையில் வேலை, வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சிட்செலும் நம்பித் தொலைத்தாள்.

"உங்கப்பாவுக்குப் பன்னிதான் பேரன் போல" என்றார் டோவ, விருந்தில் காபி ஊற்றியபடி. நாலு பேர் சிரித்தார்கள். சிட்செலுக்கு முகம் எரிந்தது. அவளுக்கும் அதேதான் தோன்றியிருந்தது.

சாப்பிடாமலே கிளம்பிவிட்ட அப்பாவைப் பிடிக்கப் பிள்ளையோடு வாசலுக்கு ஓடினாள். அவள் நெருங்க நெருங்க, அவர் காரைச் சுற்றிப் பின்னால் நகர்ந்தார்.

"இவன் உங்களுக்கு என்னப்பா பாவம் செஞ்சான்?"

"கிட்ட வராதம்மா. அங்கயே நில்லு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வசந்தத்தில் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனபோது, பன்றிப் பண்ணைக்காரர் என்றதும் மூக்கில் பஞ்சு விட்டுச் சோதித்தார்களாம். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதற்கும் அசையாத கிருமி ஒன்று அங்கே குடியிருந்ததாம். அது அவரை ஒன்றும் செய்யாது. குறைமாதப் பிள்ளையின் நுரையீரலில் இறங்கினால்தான் வினை.

சிட்செல் பிள்ளையோடு ஓரடி பின்வாங்கினாள். அத்தனை பேர் முன்னால் அவரைக் கல்நெஞ்சுக்காரராக நிற்க விட்டுவிட்டாளே!

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? ஒரு பன்னி இருமினா ஐந்நூறு பன்னிக்கும் தண்ணில மருந்து கலந்து விட்டேன். எதுவும் இருமாதப்பவும் கலந்தேன். வருஷக்கணக்கா. அதுலதான் கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு."

நின்ற இடத்திலிருந்தே பேரனை ஆசை தீரப் பார்த்தார்.

"நாளைக்கு இவனுக்குக் காய்ச்சல்னா வேலை செய்ய வேண்டிய மருந்தும்மா அது. அதத்தான் நான் பன்னிங்களுக்கு ஊத்தித் தீத்துட்டேன்."