நூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்

"இந்த வாரம் பூமி ஆடுச்சுங்களா, பீவிம்மா?"

"ஆடாம இருக்குமா தம்பி? வெள்ளிக்கிழமை நல்லாவே ஆடுச்சு. முதல்ல உள்ள வந்து உக்காருங்க. கூட வந்தவங்களுக்கும் நன்னாரி சர்பத் கலக்கச் சொல்றேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஆஸியா பீவியின் குரல் வந்தது.

கேள்வி கேட்ட தர்மலிங்கம் பெருமை தாளாமல் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். காலை ரயிலில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய, மண்ணையும் பாறையையும் ஆராயும் நிலநூல் அதிகாரி அவர். காரைக்காலில் பெட்டியை வைத்த கையோடு, தர்மலிங்கம் அவரைத் திருமலைராயன்பட்டினத்துக்கு இழுத்து வந்துவிட்டார்.

தன் மூளையைப் பற்றித் தர்மலிங்கத்துக்கு என்றுமே பெரிய அபிப்பிராயம் கிடையாது. சர்வே ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கே அது இழுத்துப் பிடித்தால்தான் காணும் என்பார். ஆனால் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன மறு வருஷம், ஒருநாள் மேஜைமேல் மைக்கூடு தானாக நடுங்கியதைப் பார்த்துத் தொலைத்தார். அன்று பிடித்தது பித்து. ஞாயிறு தவறாமல் திருவேட்டக்குடியிலிருந்து பட்டினச்சேரி வரை ஒரே ரோட்டில் சைக்கிள் மிதிப்பார். வழியில் வீடு வீடாக விசாரிப்பார். ஆடிய இடத்திலெல்லாம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். எட்டு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் சேர்ந்துவிட்டன. வரைபடத்தை மெட்ராஸ் நிலநூல் ஆபீஸுக்குத் தபாலில் அனுப்பி வைத்தார்.

"நீங்க காலை ஆட்டுறீங்க, கட்டில் ஆடுது. அதுக்கும் ஒரு புள்ளி வைங்களேன்" என்றாள் மனைவி கனகம். அதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டதால், அவர் காலாட்டும் பழக்கத்தையே விட்டுவிட்டார்.

இன்று அதிகாரிக்குத் திருப்தி என்றால், மெட்ராஸில் நிலநூல் ஆபீஸிலேயே வேலை. இல்லையென்றால் நாளைக் காலை எந்த முகத்தோடு சர்வே ஆபீஸுக்குப் போவது? நேற்றே எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டாரே, அசட்டு மனுஷர்!

அதிகாரி வரைபடத்தை விரித்தார்.

"பூமிக்கு அடியில பாறை பிளந்திருந்தா, சின்னச் சின்ன அதிர்ச்சியெல்லாம் அந்தப் பிளவை ஒட்டித்தான் வரும். உங்க புள்ளிகளும் கோடு கிழிச்ச மாதிரி ஒரே வரிசையா இருக்கு. எங்க பெரியவரே அசந்துபோயிட்டார். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? வாயைத் திறந்து கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"அடக்கத்தைப் பாரு!" என்று சிரித்தார் அதிகாரி. "இன்னிக்கே சிபாரிசு எழுதிடுறேன். சாட்சிக்கு இந்த அம்மா வாயாலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

தர்மலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் பார்க்கக் கனகம் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அதிகாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, இதுக்காகவே நான் மெட்ராஸ்லேருந்து வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை எவ்வளவு ஆடுச்சு? பாத்திரம் உருண்டுச்சா? சுவர் விரிசல் விட்டுச்சா?"

திரையின் ஓரம் ஒரு விரல் அளவு விலகி மறுபடி மூடிக்கொண்டது.

"தயங்காம சொல்லுங்க பீவிம்மா. எனக்குச் சொன்ன மாதிரியே சாருக்கும் சொல்லுங்க" என்று கெஞ்சினார் தர்மலிங்கம்.

"அதுக்கில்லீங்க. தம்பி பாவம், வேகாத வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்து ஆசையாக் கேக்குது. இல்லேன்னு சொல்லி அனுப்ப யாருக்குங்க மனசு வரும்? பட்டினச்சேரியிலயும் எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு மீன்காரி அல்லி சொன்னா. நீங்க மெட்ராஸ்லேருந்தே வந்திருக்கீங்க..." குரலில் மரியாதை இன்னும் கூடியது. "எவ்வளவு ஆடணும்னு சொல்லுங்க, அவ்வளவும் சொல்லிடுறேன்."