பல்லைக் கடித்துப் பேசியவள்

"எனக்கு இப்பவே லீவு வேணும் டாக்டர்."

தொண்டை டாக்டரிடம் வாய் தவறிக்கூட லீவு கேட்டுவிடாதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நர்ஸ் அக்கா எச்சரித்திருந்தாள்.

"வெளியே முப்பது பேரு காத்திருக்காங்க. டோக்கன் யாரு குடுப்பா, உங்கப்பனா?"

"டாக்டர், நான் சொல்றதை..."

"முதல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாதே. ஒரு எழவும் விளங்கல. வீட்டுல முதல் டிகிரி வாங்கினா தலையில கொம்பு முளைச்சிடுமா?"

கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"கழுத்தை வேற ஒரு பக்கமா வெட்டிக்கிறா! காலையில குடுத்த டீ அப்படியே ஆறிக் கிடக்கு. யாருகிட்ட காட்டுற இந்தத் திமிரை?"

மேஜையில் அவர் எழுதி, நான் தட்டச்சு செய்த துண்டறிக்கை கிடந்தது. 'டான்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி: அலட்சியம் வேண்டாம்.' பேனாவை எடுத்து அதிலிருந்த அறிகுறிகளை வரிசையாக டிக் அடித்தேன்.

ஒரு பக்கம் மட்டும் கடும் வலி. வாயைத் திறக்க முடியாமை. குழறும் பேச்சு. விழுங்க முடியாமல் வழியும் எச்சில்.

தாளை அவர் முன்னால் தள்ளினேன். படித்தவர் முகம் செத்துப்போனது.

"அம்மாடி, எத்தனை நாளா? உட்காரு, நானே பார்க்கறேன்."

மூன்று நாளாக அவர் கண்ணெதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடையாள அட்டையைக் கழற்றித் துண்டறிக்கையின் மேல் வைத்தேன். எதிர் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறுவதற்குக் காலையிலேயே வாங்கிய டோக்கன் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.