எழுத்தில் ஒரு புகார்

"மூணாவது தடவை! இது மூணாவது தடவை, மிஸ்டர் பென்னி!"

பத்ரிநாராயணன் மேஜையில் அடித்த அடியில் கார் சாவி எகிறித் தரையில் விழுந்தது. பெருங்களத்தூர் சர்வீஸ் சென்டரில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்வீஸ் அட்வைசர் பென்னி குனிந்து சாவியை எடுத்து வைத்தான்.

"நேத்து நூறு சதவீதம் சார்ஜ் காட்டித்து. கேம்ப் ரோடு தாண்டறதுக்குள்ள நாற்பது. அடுத்த நிமிஷம் பூஜ்யம்! நடு ரோட்டுல நின்னு போச்சு. கதவும் திறக்கலை. பின்சீட்டுல என் சம்சாரம். ஆஸ்துமாக்காரி. உச்சி வெயில்ல இருபது நிமிஷம் உள்ளேயே! கடைசியில ஒரு ஆட்டோக்காரர் கல்லால கண்ணாடியை உடைச்சு வெளியில எடுத்தார். காரை நேத்தே இங்க இழுத்துண்டு வந்து விட்டாச்சு. இந்த எலெக்ட்ரிக் காருக்கா எழுபது லட்சம் குடுத்தேன்?"

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க சார்?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. ரொம்பத்தான் அக்கறை! போன தடவையும் 'பார்க்கிறேன் சார்'னே. அதுக்கு முந்தின தடவையும் 'பார்க்கிறேன் சார்'னே. என்னத்தைப் பார்த்துக் கிழிச்சே?"

பென்னி மேலாளர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சார், ரெண்டு நிமிஷம் வெளியில வரீங்களா? தனியாப் பேசணும்."

"உங்கிட்ட எனக்கென்ன ரகசியம்? புது பேட்டரி வேணும். மாத்தித் தர முடியுமா, முடியாதா? எல்லார் முன்னாலயும் சொல்லு!"

சத்தம் கேட்டு மேலாளர் ரவி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்தார்.

"ரொம்ப ஸாரி சார். பேட்டரி மாத்தறதெல்லாம் ஹெட் ஆபீஸ் முடிவு. ஆனா இவர் மேல எழுத்துல ஒரு புகார் குடுங்க. இந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"குடுங்க பேப்பரை!"

முப்பத்தைந்து வருடம் வங்கியில் கடிதம் எழுதிய கை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மளமளவென்று ஓடியது.

"'காரில் குறை இல்லை, பென்னி சரியாகப் பராமரிக்காததே காரணம்'னு ஒரு வரி சேர்த்துடுங்க சார்," என்றார் ரவி. "அப்பதான் நடவடிக்கை எடுக்க வசதியா இருக்கும்."

பக்கத்தில் இருந்த மகள் ஸ்ம்ருதி அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அந்த வரி வேண்டாமே. பேட்டரிதான் கோளாறுன்னு நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா..."

"நீ சும்மா இரு! இந்த ஆளைத் தொலைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்!"

அந்த வரியையும் எழுதினார். அடிக்கோடு போட்டார். கையெழுத்தும் போட்டார்.

வாசலில் கால் டாக்ஸியில் ஏறும்போது பென்னி ஓடி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. கையில் ஒரு கவர்.

"சார், கார் வந்த மூணு தடவையும் சோதிச்சுப் பார்த்து நான் எழுதின ஜாப் கார்டு. காப்பி எடுத்து வெச்சேன். கேட்டா உள்ளே தரமாட்டாங்க. இதைக் குடுக்கத்தான் தனியாக் கூப்பிட்டேன்."

"இன்னும் என்னடா உனக்கு என்கிட்ட வேலை? போ!"

ஸ்ம்ருதிதான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். டாக்ஸி ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பியதும் கவரைப் பிரித்தாள். படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

மூன்று தாளிலும் பென்னி ஒரே குறிப்பைத்தான் எழுதியிருந்தான்: 'வாடிக்கையாளர் சரியாகவே சார்ஜ் செய்கிறார். கோளாறு பேட்டரியில். நிறுவனம் உடனே மாற்றித் தரவேண்டும்.'

கடைசித் தாளில் அதற்குக் கீழே, சிவப்பு மையில் ரவியின் உத்தரவு: 'சார்ஜ் செய்வதில் வாடிக்கையாளர் தவறு என்று மாற்றி எழுதவும்.'

அதற்கும் கீழே பென்னியின் பதில்: 'இல்லாததை எழுதி என்னால் கையெழுத்துப் போட முடியாது.'